விண்ணப்பம் போட்டாச்சு, பதில் இல்லை: அடுத்து என்ன செய்வது?

கோவையில் பம்பு, மோட்டார், நூல் சார்ந்த நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். முதல் வேலை தேடும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அப்ளை பண்ணி மூணு வாரம் ஆச்சுங்க. ஒண்ணும் வரல. போன் பண்ணிக் கேக்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாங்களா?"

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, என்ன சொல்லிக் கேட்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்குத்தான் இந்தக் கட்டுரை. கோவையில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். சென்னையிலும் ஓசூரிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு வெள்ளிக்கிழமை மாலை நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் விளம்பரம் போடுகிறோம் என்று வையுங்கள். திங்கள்கிழமை காலை பார்த்தால் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். எல்லாவற்றையும் திறந்து படிக்க யாருக்கும் நேரம் இல்லை. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி என்று சில சொற்களைப் போட்டுத் தேடி, மேலே வரும் முப்பது நாற்பதைப் பார்த்து, அதில் எட்டுப் பேரைப் பிரித்து அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்புவோம். அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நெருக்கடியில் இருப்பார். பத்து நாள் கழித்துத்தான் பார்ப்பார். அதற்குள் அந்த எட்டில் ஒருவர் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார், ஒருவர் போனை எடுக்கமாட்டார், இன்னொருவருக்குச் சம்பளம் ஒத்துவராது. பட்டியல் உடைந்துவிடும். மேனேஜர் "வேற ரெண்டு பேர் அனுப்புங்க" என்பார்.

அந்த நேரத்தில் நான் மறுபடியும் அந்தக் குவியலுக்குள் போய்த் தேடுவேனா? பெரும்பாலும் மாட்டேன். கண்ணுக்கு முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுவேன். நேற்று வந்த ஒரு நல்ல மெயில், காலையில் தெளிவாகப் பேசிய ஒரு பிள்ளை. விசாரிப்பதால் வேலை கிடைக்கிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். உங்களுக்குப் பதில் வரவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் ரெஸ்யூம் யாரோ ஒருவருடைய மேசையில் காத்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அப்ளை செய்யும் அன்றே

ஒரு நோட்டு போடுங்கள். எக்செல் தெரிந்தால் அதில் வைத்துக்கொள்ளலாம், நாற்பது பக்க நோட்டே போதும். தேதி, நிறுவனத்தின் பெயர், பணியின் பெயர், ஜாப் கோடு, எந்த வழியாக அப்ளை செய்தீர்கள், எந்த ரெஸ்யூம் அனுப்பினீர்கள், கடைசித் தேதி, தொடர்புக்கு யார். இத்தனையும் ஒரே வரியில் வரட்டும். ஐம்பது இடத்துக்கு அனுப்பியவருக்குப் போன் வந்து, "எந்த கம்பெனிங்க, நான் எதுக்கு அப்ளை பண்ணினேன்?" என்று எங்களையே திருப்பிக் கேட்பது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிறது. அந்த ஒரு கேள்வியில் எங்கள் ஆர்வம் பாதி குறைந்துவிடும்.

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவோம். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அதைத் தேடினால் கிடைக்காது.

அப்புறம் போன். ரெஸ்யூமில் இருக்கும் நம்பர் இப்போதும் உங்களிடம் இருக்கும் சிம்தானா? ரீசார்ஜ் முடிந்து கிடக்கிறதா? மெயிலில் ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒரு முறை திறந்து பாருங்கள். நாங்கள் அனுப்பும் இன்டர்வியூ அழைப்புகளில் சில அங்கே போய் விழுகின்றன. மூன்று வாரமாகப் பதிலே வரவில்லை என்று வருத்தப்பட்ட ஒரு தம்பியின் போனை வாங்கி, என் முன்னாலேயே ஸ்பாமைத் திறக்கச் சொன்னேன். பதினொரு நாளைக்கு முன்பு வந்த அழைப்பு அங்கே இருந்தது. இன்டர்வியூ தேதி தாண்டிப் போயிருந்தது. அவன் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்

விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால், அந்தத் தேதி முடிந்து ஐந்து வேலை நாள் கழித்துக் கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. கடைசித் தேதி இல்லையென்றால் அப்ளை செய்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாள். தெரிந்தவர் ஒருவர் உள்ளே ரெஸ்யூம் கொடுத்திருந்தால் மூன்று நான்கு நாளில் அவரிடமே கேட்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமில் கொடுத்திருந்தால் மறுநாளே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ஒரே நாளில் நூறு முகங்களைப் பார்த்திருப்போம். இரண்டு நாள் போனால் யார் எவர் என்று மறந்துவிடும்.

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் உங்கள் விண்ணப்பத்தை யாராவது பார்த்தார்களா என்பதைச் சில சமயம் காட்டும். பெரிய நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் அப்ளை செய்திருந்தால் அங்கே உள்ளே போய் நிலையைப் பார்க்கலாம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மாதக்கணக்கில் நின்றால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஆள் எடுத்து முடித்த பிறகும் அதை மாற்ற மறந்துவிடுவது உண்டு.

எந்த நாள், எந்த நேரம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத விஷயம் இது.

சின்ன, நடுத்தர நிறுவனங்களில் ஆள் எடுப்பவரும் சம்பளம் போடுபவரும் ஒரே ஆள்தான். மாதம் 28ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 5, 6 வரை அவர் வருகைப் பதிவு, ஓவர்டைம், லீவு கணக்கில் மூழ்கியிருப்பார். 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும், அதனால் 13, 14 தேதிகளிலும் நெருக்கடிதான். அக்கவுன்ட்ஸ் வேலைக்கு அப்ளை செய்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும், 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்ய வேண்டும். 19ஆம் தேதி மத்தியானம் அக்கவுன்ட்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டு "சார், என் ரெஸ்யூமைப் பாத்தீங்களா" என்றால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மேனேஜரை 22ஆம் தேதி கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார். இந்தத் தேதிகளெல்லாம் தெரிந்து, அதைத் தாண்டிக் கூப்பிடும் பிள்ளைக்கு அக்கவுன்ட்ஸ் தெரியும் என்பது அங்கேயே புரிந்துவிடும்.

ஆக, மாதத்தில் 8 முதல் 12 வரை, அப்புறம் 21 முதல் 26 வரை நல்ல நாட்கள். அக்கவுன்ட்ஸ் வேலைக்கென்றால் பின்னதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன். நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு, இல்லையென்றால் மாலை மூன்றிலிருந்து நாலரை. திங்கள் காலை மீட்டிங் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் எழுதி முடித்தாலும் அப்போதே அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் அனுப்பும் நேரத்தைக் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது, மறுநாள் காலை பத்து மணிக்கு வைத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று வாரம் ஆலைகளில் போனஸ் பேச்சு ஓடும். எச்.ஆர். ஆட்களுக்கு வேறு எதிலும் மனம் போகாது. பண்டிகை முடிந்து கூப்பிடுங்கள். சிலர் போனஸ் வாங்கிக்கொண்டு வேலையை விடுவதால் அப்போது புதிதாக இடங்களும் திறக்கும்.

யாரிடம் கேட்பது

விளம்பரத்தில் பெயரும் மெயிலும் இருந்தால் அவரிடம்தான். இல்லையென்றால் நிறுவனத்தின் வெப்சைட்டில் போர்டு நம்பர், அதாவது அலுவலகத்தின் பொது போன் நம்பர் இருக்கும். அதில் கூப்பிட்டு, "ஆள் எடுக்கறது யாருங்க, அவங்க மெயில் ஐடி கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ரிசப்ஷனில் இருப்பவர் ஒரு நாளில் எத்தனையோ பேருடன் பேசுகிறார். அவரிடம் அதட்டிப் பேசியவர்களைப் பற்றி எங்களிடம் வந்து சொல்வார், நன்றாகப் பேசியவர்களைப் பற்றியும் சொல்வார். செக்யூரிட்டி அண்ணனுக்கும் இது பொருந்தும்.

லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் எச்.ஆர். யார் என்று தேடிக் கண்டுபிடித்து ஒரு சின்னச் செய்தி அனுப்பலாம். நிறுவனத்தின் முதலாளிக்கும் டைரக்டருக்கும் நேராக எழுத வேண்டாம். அவர்கள் அதை எங்களுக்குத்தான் அனுப்புவார்கள், நாங்கள் சரியாக வேலை பார்க்கவில்லை என்று புகார் போனது மாதிரி ஆகிவிடும்.

ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் கன்சல்டன்சியிடம் மட்டும் கேளுங்கள். நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் தனி ஒப்பந்தம் இருக்கும். நடுவில் நீங்கள் நேராகப் போனால் இரண்டு பக்கமும் சங்கடப்படும்.

மெயிலில் என்ன எழுதுவது

ஏற்கெனவே மெயிலில் அப்ளை செய்திருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள். அதே மெயிலுக்குக் கீழே ரிப்ளை போடுங்கள். பழையது கீழேயே இருக்கும், நாங்கள் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். விஷயம் பிடிபடுவதற்காக மாதிரியைத் தமிழில் தருகிறேன்.

சப்ஜெக்ட்: அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் பணி, ஜூலை 9 விண்ணப்பம், உங்கள் பெயர்

"வணக்கம் மேடம். ஜூலை 9 அன்று உங்கள் நிறுவனத்தின் அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு நௌக்ரி வழியாக விண்ணப்பித்தேன். அதன் நிலையைத் தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

பி.காம். முடித்திருக்கிறேன். ஓர் ஆண்டாக நூல் கடை ஒன்றில் டேலியில் பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, ஜிஎஸ்டிஆர்-1க்கு விவரம் தயார் செய்வது ஆகிய வேலைகளைச் செய்கிறேன். பீளமேட்டுக்கு வந்துபோவதில் சிரமம் இல்லை. தேர்வானால் 15 நாளில் சேர முடியும்.

ரெஸ்யூமை மறுபடியும் இணைத்திருக்கிறேன். வேறு ஏதாவது தேவைப்பட்டால் அன்றே அனுப்புகிறேன். நன்றி."

கீழே பெயர், போன் நம்பர். அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பணி, எந்தத் தேதி, எந்த வழி என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அரை நிமிடத்தில் உங்கள் விண்ணப்பத்தை எடுத்துவிடலாம். இரண்டாவது பத்தியை அப்படியே வெட்டி மேனேஜருக்கு அனுப்பலாம். "15 நாளில் சேர முடியும்" என்பதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்த வரி. எல்லோரிடமும் போன் போட்டு நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கேட்பதே எங்களுக்கு ஒரு நாள் வேலை. ரெஸ்யூமை மறுபடி இணைப்பதும் அப்படித்தான். ‘முன்பு அனுப்பியதைப் பார்க்கவும்’ என்றால் தேட வேண்டும். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் வையுங்கள். ‘ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்ற பெயரில் என்னிடம் எத்தனையோ கிடக்கின்றன.

வீட்டுக் கஷ்டத்தை மெயிலில் எழுதுபவர்கள் நிறைய. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கல்விக் கடன் இருக்கிறது, தங்கச்சி படிக்கிறாள். எல்லாம் உண்மை என்று எனக்குத் தெரியும். படிக்கும்போது மனசு கனத்துப் போகும். ஆனால் அதை வைத்து மேனேஜரிடம் நான் எதுவும் பேச முடியாது. அவர் கேட்பது ஒன்றே ஒன்று, இந்தப் பிள்ளை வந்தால் வேலை நடக்குமா என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வரி கொடுங்கள், நான் உங்களுக்காகப் பேசுகிறேன்.

"இவ்வளவு நாளாகியும் ஏன் பதில் இல்லை?" என்ற தொனி வேண்டாம். நாற்பது நிறுவனங்களின் மெயிலையும் ஒரே வரியில் போட்டு அனுப்புவதும் வேண்டாம். மற்ற முப்பத்தொன்பது பேரும் யார் என்று எனக்குத் தெரிகிறது. அனுப்புவதற்கு முன் நிறுவனத்தின் பெயரை ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பழைய மெயிலை நகலெடுக்கும்போது போட்டி நிறுவனத்தின் பெயர் அப்படியே வந்துவிடுகிறது.

போனில் பேசும்போது

மெயில் போட்டு மூன்று நான்கு வேலை நாள் கழித்துக் கூப்பிடலாம். ‘போனில் தொடர்புகொள்ள வேண்டாம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் கூப்பிடவே கூடாது. நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் சத்தம் இல்லாத இடத்தில் நின்று பேசுங்கள். பேச்சு இப்படிப் போகட்டும்:

"வணக்கம் மேடம். என் பேர் இன்னது, உடுமலையிலிருந்து பேசறேங்க. போன மாசம் 9ஆம் தேதி அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணியிருந்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமுங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "இப்ப முடியாதுப்பா" என்றால், "சரிங்க மேடம், எப்ப கூப்பிட்டா வசதியா இருக்கும்?" என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுங்கள். பேசலாம் என்றால் மூன்று கேள்விகள் போதும். அந்த போஸ்ட் இன்னும் ஓப்பனாக இருக்கிறதா? ஷார்ட்லிஸ்ட் முடிந்துவிட்டதா? என் பக்கமிருந்து வேறு ஏதாவது அனுப்ப வேண்டுமா?

மூன்றாவது கேள்வியின் அருமை எனக்கு ஒரு பெண்ணால்தான் தெரிந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து கூப்பிட்டாள். ஷார்ட்லிஸ்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் "ஓகே மேடம்" என்று வைத்துவிடுவார்கள். அவள் நிதானமாக, "எந்த மாதிரி ஆள் தேடறீங்கன்னு தெரிஞ்சா, என்கிட்ட அது இருக்கான்னு பாத்துச் சொல்றேங்க" என்றாள். சரக்கு அனுப்பும் பிரிவில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், விளம்பரத்தில் அதைப் போட மறந்துவிட்டோம் என்றேன். "எங்க மாமா நூல் கடையில ஒரு வருஷமா நான்தாங்க இ-வே பில் போடறேன். சொந்தக் கடைங்கறதால ரெஸ்யூம்ல எழுதல" என்றாள். அரை மணி நேரத்தில் அந்த வரியைச் சேர்த்துப் புது ரெஸ்யூம் வந்தது. பட்டியலில் முதலில் இருந்த பையன் மூன்றாம் நாள் பின்வாங்கினான். அன்று சாயங்காலமே நான் அவளைக் கூப்பிட்டேன்.

சொந்தக்காரர் கடை, அப்பாவின் ஒர்க்‌ஷாப், கல்லூரி நாட்களில் பார்த்த பகுதிநேர வேலை இவற்றையெல்லாம் வேலை அனுபவமாக எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். உண்மையில் செய்திருந்தால் எழுதுங்கள்.

போனை எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி கூப்பிடாதீர்கள். ஒரே மணி நேரத்தில் ஏழு மிஸ்டுகால் பார்த்தால் ஏதோ விபத்து என்றுதான் எனக்குத் தோன்றும். உங்களுக்குப் பதிலாக அப்பாவோ அண்ணனோ பேசவும் வேண்டாம். அக்கறையில்தான் செய்கிறார்கள், ஆனால் வேலைக்கு வரப்போவது யார் என்ற சந்தேகம் வந்துவிடும்.

வாட்ஸ்அப் என்றால், அவர்கள் அந்த நம்பரை விளம்பரத்தில் கொடுத்திருந்தாலோ அவர்களே முதலில் அதில் பேசியிருந்தாலோ மட்டும். ‘ஹாய்’ என்று மட்டும் போட்டுக் காத்திருக்க வேண்டாம். பெயர், பணி, தேதி, கேள்வி நான்கும் ஒரே செய்தியில் வரட்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு கேட்க முடியாது. உங்கள் புரொஃபைல் படத்தையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை முறை கேட்கலாம்

என் கணக்கில், ஒரு மெயில், ஒரு போன், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு மெயில். இரண்டாவது மெயிலில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கோர்ஸ் முடித்தேன், சான்றிதழ் வந்துவிட்டது, இப்போது உடனே சேர முடியும், இப்படி. சொல்ல எதுவும் இல்லையென்றால் முதல் மெயிலையே சுருக்கி, ‘பணி நிரம்பியிருந்தால் அதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்’ என்று ஒரு வரி சேருங்கள். இல்லை என்று சொல்ல வழி கொடுத்தால் சிலர் நிஜமாகவே பதில் போடுவார்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் நோட்டில் அந்த வரிக்கு எதிரே மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பதில் போடாமல் இருப்பது எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம். அதற்கு நீங்கள் காரணம் இல்லை. ஒரே இடத்தை நம்பி மற்ற இடங்களுக்கு அப்ளை செய்வதை நிறுத்திவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கும். காத்திருக்கும் நாட்களிலும் தினம் இரண்டு இடத்துக்காவது அனுப்பிக்கொண்டே இருங்கள்.

‘தேர்வாகவில்லை’ என்று பதில் வந்தால், நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து இடம் வந்தால் நினைவில் வையுங்கள் என்று கேளுங்கள். அப்படி எழுதுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர், அதனால் பெயர் மனதில் நிற்கிறது.

இன்டர்வியூவுக்குப் பிறகு

எழுந்து வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "முடிவு எப்ப தெரியுமுங்க? நான் யார்கிட்ட கேக்கணும்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பிறகு வீட்டில் உட்கார்ந்து தவிக்க வேண்டியதில்லை. அடுத்த வெள்ளி என்று சொன்னால், அது தாண்டி இரண்டு வேலை நாள் விட்டு செவ்வாய்க்கிழமைக்கு மேல் கேளுங்கள்.

மறுநாள் காலை நன்றி சொல்லி ஒரு மெயில். இங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை, ஆனால் வந்தால் படிக்கிறார்கள். இன்டர்வியூவில் பேசிய ஏதாவது ஒன்றைத் தொட்டு எழுதுங்கள். ஒரு கேள்விக்கு அங்கே பதில் தெரியாமல் விழித்திருந்தால், வீட்டுக்கு வந்து தெரிந்துகொண்டு அதை ஒரு வரியில் எழுதலாம். லேத் ஆபரேட்டர் வேலைக்கு வந்த ஐடிஐ தம்பி ஒருவன் வெர்னியர் அளவுக் கருவியில் ஒரு அளவைத் தப்பாகப் படித்துவிட்டான். மறுநாள், எங்கே தப்பு செய்தான் என்று ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த ஃபோர்மேன் அன்றே "அவனைக் கூப்பிடுங்க" என்றார்.

வேறு இடத்தில் ஆஃபர் வந்து, அவர்களுக்கு இத்தனாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் சேரவே விருப்பம், வெள்ளிக்குள் நிலை தெரிந்தால் நல்லது என்று எழுதலாம். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கடிதத்தைக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

அரசு வேலைக்கு வழி வேறு

டிஎன்பிஎஸ்சி மாதிரியான தேர்வுகளுக்கு யாரிடமும் போய் விசாரிப்பதில் பயன் இல்லை. அவர்களுடைய வெப்சைட்டில் வரும் அறிவிப்பையும் ஆண்டுத் திட்ட அட்டவணையையும் பார்த்துவந்தால் போதும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். அரசுத் துறையிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ விண்ணப்பித்து மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு, தேர்வு முடிந்துவிட்டதா, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

யாராவது பணம் கேட்டால்

நீங்கள் விசாரித்த அதே வாரத்தில் வேறு நம்பரிலிருந்து போன் வரலாம். ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம்’ என்று ஏதாவது ஒரு பெயரில் பணம் கேட்பார்கள். நிறுவனத்தின் லோகோ போட்ட கடிதம்கூட வரும். கொடுக்காதீர்கள். வெப்சைட்டில் இருக்கும் போர்டு நம்பரில் கூப்பிட்டு உண்மையா என்று கேளுங்கள். மெயில் வந்த முகவரியில் @ குறிக்குப் பிறகு நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை

"நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, லெட்டர் ரெண்டு நாள்ல வரும்" என்று போனில் சொன்ன அன்றே, இருக்கிற வேலைக்கு ராஜினாமா கொடுத்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நல்ல நிறுவனம்தான், சொன்னவரும் நல்ல மனதோடுதான் சொன்னார். மேலிடத்தில் அந்த மாதம் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வேலையும் இல்லாமல் ஐந்து மாதம் வீட்டில் இருந்தான்.

அதனால் வாய்வார்த்தையாகத் தகவல் வந்ததும் அன்றே ஒரு மெயில் போடுங்கள். ‘இன்று போனில் பேசியபடி இந்தப் பணிக்குத் தேர்வாகியிருப்பதாகத் தெரிவித்தீர்கள், மிக்க நன்றி. சம்பளம், சேரும் தேதி, பணியிடம் ஆகியவை குறித்த ஆஃபர் லெட்டர் எப்போது கிடைக்கும்?’ இதில் யாரும் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. மூன்று வேலை நாளில் வரவில்லை என்றால் கூப்பிட்டுக் கேளுங்கள். வந்ததும் பேசிய சம்பளமும் எழுதியிருக்கும் சம்பளமும் ஒன்றா, கையில் வருவது எவ்வளவு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று நிதானமாகப் படியுங்கள். புரியாததைக் கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சேரும் தேதி தள்ளி இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அன்று வருகிறேன், வேறு ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று இரண்டு வரி எழுதுங்கள். 2022இலும் 2023இலும் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஐடி நிறுவனங்களின் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் பலர். தேதி ஒரு முறை தள்ளிப்போனாலே மற்ற இடங்களுக்கு மறுபடி அப்ளை செய்யத் தொடங்கிவிடுங்கள். நோட்டை மட்டும் முதல் மாதச் சம்பளம் வரும்வரை மூடிவிடாதீர்கள்.